கோட்டைவாசல் மேட்டுப் பலகைகளில் வைத்த தேதியையும் எழுதுங்கள்

கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையின் மலைப்பகுதியைப் பராமரிக்கும் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலப் பொறியாளர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

புளியரையில் எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு கணவாயின் உச்சியான கோட்டைவாசலுக்கு வரும் எவரும் இரண்டு அரசுகளின் பலகைகளை ஒரே மூச்சில் படித்தாக வேண்டியிருக்கிறது. வரவேற்பு, மாவட்ட எல்லை, வேகக் கட்டுப்பாடு, வனவிலங்கு எச்சரிக்கை, நெகிழித் தடை என்று அடுத்தடுத்து நிற்கும் அந்தப் பலகைகளில் எது இன்றைய ஆணை, எது காலாவதியான ஆணை என்று அறிய வழியில்லை. ஏனெனில் வைத்த நாள் எதிலும் இல்லை. இனி இம்மேட்டில் நடும் ஒவ்வொரு பலகையின் கீழ்மூலையிலும் அது வைக்கப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை. சிறிய கோரிக்கைதான். ஆனால் இந்த மேட்டின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அது சிறியதாகத் தோன்றாது.

1956 நவம்பர் 1-க்கு முன்பு இங்கே மாநில எல்லைப் பலகைக்குத் தேவையே இருந்ததில்லை. செங்கோட்டை தாலுகா அப்போது திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. எல்லை மலைமேல் இல்லை; கிழக்கே, செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் இடையில், சமவெளியில் இருந்தது. செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்த வாஞ்சிநாதன் இந்தக் கணவாயைக் கடந்தபோதெல்லாம் ஒரே சமஸ்தானத்துக்குள்தான் நடமாடினார்; 1911-இல் ஆஷ் துரையைச் சுட மணியாச்சிக்குப் போகத்தான் அவர் எல்லை தாண்ட வேண்டியிருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்து, செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகே எல்லை மலையேறி வந்தது. அதே 1956-இல் இயற்றப்பட்ட எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மைல் கற்கள் போய்க் கிலோமீட்டர் கற்கள் வந்தன.

அதன் பிறகும் பலகை எழுதுபவருக்கு ஓய்வில்லை. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு ஆனது. திருநெல்வேலி மாவட்டம் என்றிருந்த இடத்தில், 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம் என்று எழுத வேண்டியதாயிற்று. சாலையின் எண்ணும் தப்பவில்லை. 208 என்று லாரிக்காரர்கள் வாயில் பழகியிருந்த எண் 2010-இல் 744 ஆனது. கொல்லத்தில் அது தொடும் 47 இப்போது 66, திருமங்கலத்தில் அது தொடும் 7 இப்போது 44. நாற்பத்து நான்காம் சாலையிலிருந்து பிரியும் கிளை என்பதால் அந்த 44-க்கு முன்னால் ஒரு 7 சேர்ந்து 744 ஆயிற்று. இந்த ஏற்பாட்டின் தர்க்கம் அழகானதுதான். ஆனால் அதை விளக்கும் ஒரு வரிகூடச் சாலையில் எங்கும் இல்லாததால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இரண்டு வேறு சாலைகளாக எண்ணியவர்களை நான் அறிவேன்.

மேட்டுக்குச் சற்றுக் கீழே, மஞ்சள் தலையுள்ள ஒரு கிலோமீட்டர் கல்லில் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாரல் காலத்து ஈரத்தில் பாசி பிடித்து, வெயிலில் காய்ந்து, மேற்பூச்சு செதில் செதிலாக உரிந்த இடத்தில் 744-க்கு அடியிலிருந்து 208-இன் வளைவுகள் எட்டிப் பார்க்கின்றன. அடுத்த முறை வர்ணம் பூச வருபவர் சுரண்டிவிட்டுத்தான் பூசுவார். அது அவர் வேலை, அவரைக் குறை சொல்வதற்கில்லை.

நான் குறை சொல்வது வேறொன்றை. நம் ஊர்ப்பக்கம் எங்கும் பயனுள்ள பழைய கற்களை எளிதாகப் பெயர்த்துவிடுகிறோம். பயனற்றுப்போன அறிவிப்புகளையோ தொடக்கூட அஞ்சுகிறோம். சரக்கு, சேவை வரி 2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்ததோடு வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. காவல், வனம், போக்குவரத்துத் துறைகளின் சோதனைகள் மட்டும் நீடித்தன. அந்த மாற்றத்துக்குப் பிறகு 'நிறுத்து, ஆவணங்களைக் காட்டு' என்றொரு நாளில்லாத பலகையைப் பார்க்கும் வைக்கோல் லாரி ஓட்டுநர், அதை எந்தத் துறை, எந்தக் காலத்தில் வைத்தது என்று எப்படி அறிவார்? 2020-இல் இ-பாஸ் கேட்ட அறிவிப்புகளுக்கும் இது பொருந்தும். நெகிழித் தடையையே எடுத்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-இலும் கேரளத்தில் 2020 ஜனவரி 1-இலும் அது தொடங்கியது. இடைப்பட்ட ஓராண்டுக்கு, ஒரே கேரி பேக் மேட்டின் கிழக்கே குற்றமாகவும் மேற்கே குற்றமற்றதாகவும் இருந்தது. நாள் எழுதிய பலகை அந்தக் குழப்பத்தைத் தீர்த்திருக்கும்.

இது புது வழக்கமும் அல்ல. சாலைப் பாலங்களின் கைப்பிடிச் சுவரில் கட்டிய ஆண்டைப் பொறிப்பது பொறியாளர்கள் காலங்காலமாகச் செய்துவருவதே. பலகைக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை. தகட்டில் எழுத்துகளை ஒட்டும்போதே ஆறேழு எழுத்துகளைக் கூடுதலாக ஒட்டினால் போதும்.

இதனோடு சேர்ந்த வேண்டுகோள் ஒன்று உண்டு. வளைவுகளை அகலப்படுத்தும் பணி எப்போது வந்தாலும், பெயர்க்கப்படும் பழைய கற்களைச் சல்லியோடு சேர்த்து நிரவிவிடாமல், மேட்டிலேயே வாகனங்கள் திரும்பாத ஓர் ஓரத்தில் நட்டு வையுங்கள். எந்தக் கல் எந்த இடத்திலிருந்து, எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். இரு மாநிலப் பொறியாளர்களும் ஒருமுறை மேட்டில் கூடி நின்று, காலாவதியான பலகைகளை அடையாளம் கண்டு அகற்றினால், ஐயப்பன் சீசனில் இரவில் மூடுபனிக்குள் வரும் வெளியூர் ஓட்டுநருக்கு, வளைவையும் வேகத்தையும் சொல்லும் பலகைகள் மட்டுமாவது தெளிவாகக் கண்ணில் படும். ஆனி மாதச் சாரல் பிடிப்பதற்கு முன்பே இதைச் செய்து முடிப்பது நல்லது. அதன் பிறகு அங்கே வர்ணம் காயாது.

இப்படிக்கு,
புளியரைவாசி ஒருவர்