யேனாஞ்சவுங் எண்ணெய் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய பர்மாவின் நில வளம் குறித்துச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, யேனாஞ்சவுங்கில் எண்ணெய் நிலத்தடி ஏரியாகத் தேங்கியிருப்பதாகக் கூறியது சரியன்று. ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில், வில்லாக மேல்நோக்கி வளைந்த பாறை மடிப்பினுள், மணற்கல்லின் நுண்துளைகளில் ஊறி நிற்கும் எண்ணெயை, மேலே படிந்த களிப்பாறை தடுத்து வைத்திருக்கிறது. அது கசிந்த இடங்களில்தான் பழைய கைக்கிணறுகள் தோன்றின. நாற்றநீர் ஓடை என்று பொருள்படும் ஊர்ப்பெயரே அதற்குச் சாட்சி. ‘துவின்சா’ எனப்பட்ட 24 பரம்பரைக் குடும்பங்கள் கிணறுகளை ஆண்டன. கயிற்றில் இறங்கியவர், வாயு மூச்சை அடைக்குமுன் நாலு வெட்டு வெட்டிவிட்டு மேலேறியாக வேண்டும்.

1886இல் தொடங்கிய பர்மா ஆயில் கம்பெனி, பின்னர் அந்த எண்ணெயைக் குழாய் வழியே சிரியம் (இன்றைய தன்லின்) சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுவந்தது. (அங்கு உழைத்த இந்தியத் தொழிலாளரைக் கட்டுரை மறந்ததேனோ!) 1942 ஏப்ரலில், ஜப்பானியர் கைக்குப் போகாதிருக்க, பிரிட்டிஷாரே எண்ணெய் வயல்களைத் தகர்த்தனர்.

கட்டுரை நிலக்கரி என்று குறித்த கருந்துண்டுகள், எண்ணெய்ப் படிவங்களுக்கு மேலுள்ள இளைய மணலில் கிடைக்கும் கல்மரமே. என் மேசையில் ஒன்று இருக்கிறது: மரத்தின் வரி அப்படியே தெரிகிறது, தட்டினால் பீங்கான்போல் ஒலிக்கிறது, நெருப்பில் இட்டால் எரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தன்லின்.