கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயல்,

வகுப்பில் பார்வையில்லாத தோழிக்குப் பாடம் வாசித்து ரெக்கார்டு பண்ணி அனுப்ப நாலைந்து பேர் முறை வைத்திருக்கிறீர்கள் என்றாயே, அப்பாவிடம் சொன்னேன், தக்காளி மண்டியிலிருந்து வந்த களைப்பிலும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ரொம்பப் பெருமையாக இருக்கிறது கண்ணு.

உன் சின்ன மாமா தர்மபுரியில் காலேஜ் படித்தபோது வகுப்பு மாடியில். போலியோ கால், அதனால் கூட்டாளிகள் தினமும் தூக்கிக்கொண்டு போவார்கள், தங்கமான பையன்கள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக மறுபடி இறக்கிவிடச் சொல்லணுமே என்று இவன் சாயங்காலம் வரை வாயை நனைக்காமலே கிடப்பான். வகுப்பைக் கீழே மாற்றுங்கள் என்று ஆபீஸில் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, தூக்கத்தான் ஆள் இருக்கிறதே. இரண்டாம் வருஷம் படிப்பை விட்டுவிட்டான்.

அதனால்தான் சொல்கிறேன், வாசித்துக் கொடுங்கள், கூடவே வாத்தியார்களிடம் நோட்ஸை யூனிகோடில் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) டைப் செய்த ஃபைலாகவும் கேளுங்கள். போனில் போட்டோ எடுத்த பக்கத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? ஃபைல் இருந்தால், கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ மாதிரி இலவச மென்பொருளிலேயே ராத்திரி எந்நேரமும் கேட்டுக்கொள்வாள், உங்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

பரீட்சை விஷயம் மாமா சொன்னது. தேர்வில் எழுத ஆளும் கூடுதல் நேரமும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிஷம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு முழுசாக ஒரு மணி நேரம். அவளே ஆள் அழைத்துப் போனால் அவர் அவளைவிடக் குறைந்த படிப்பாக இருக்கணுமாம், எம்.ஏ. படிக்கிற நீ எழுத முடியாது, பி.ஏ. பிள்ளைகளில் கையெழுத்து நன்றாக உள்ளவர்களை இப்போதே அவளோடு உட்கார்ந்து பழகச் சொல். சொன்னதைச் சொன்னபடி எழுதணும், திருத்தக் கூடாது.

அப்புறம், நடக்கும்போது அவள் கையைப் பிடித்து இழுக்காதே. அவள் உன் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளட்டும், நீ அரையடி முன்னால் போ, படி வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லு.

ஃபைல் கேட்கும் மனுவை அவளே சொல்லட்டும், முதல் கையெழுத்தும் அவளுடையதாக இருக்கட்டும், நீங்கள் எல்லோரும் கீழே போடுங்கள். கொடுப்பதற்கு முன் மாமாவுக்கு அனுப்பு, எந்தப் பிரிவைக் குறிப்பிடணும் என்று பார்த்துச் சொல்வான்.

அம்மா
பாலக்கோடு