விலைச்சீட்டில் ஊர்ப் பெயரும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் பரிசு வாங்குவதென்றால் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. சுவர்க்கடிகாரமோ டின்னர் செட்டோ வாங்கிக் கொடுத்தால், பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் ஏற்றப்பட்ட நாலைந்து பெட்டிகளோடு அதுவும் போய்ச் சேரும் என்பது கொடுக்கிற நமக்கே தெரியும். அதனால்தான், வேறு யாரும் கொடுத்திருக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, சென்னையில் பலர் இப்போது வடிவமைப்பாளர்கள் நடத்தும் வீட்டுப் பொருள் கடைகளைத் தேடிப் போகிறார்கள். தங்கை மகளின் புதுமனை புகுவிழாவுக்காகச் சென்ற மாதம் நானும் அப்படி ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நான் எழுத வந்த குறை அந்த ஒரு கடையோடு நிற்பதுமில்லை.

அங்கே மேசை மீது விரித்து வைத்திருந்த ஒரு நீள விரிப்பு என்னை நிறுத்தியது. ஓரடி அகலம், ஆறடி நீளம் இருக்கும். இளமஞ்சள் உடம்பு, இரண்டு முனைகளிலும் கருஞ்சிவப்புக் கோடுகள், ஓரத்தில் பருத்தித் துணி வைத்து மிக நேர்த்தியாகத் தைத்திருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது கோரை. நான் பிறந்தது சேரன்மகாதேவியில் (எங்கள் பேச்சில் சேர்மாதேவி). அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடை. கோரையை நயமாகக் கிழித்து, கட்டுக்கட்டாக ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டிருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வழவழப்பை அடையாளம் காட்ட யாரும் தேவையில்லை. ஆனால் விற்பனைக்கு நின்ற இளைஞரிடம் இது எந்த ஊர் வேலை என்று கேட்டபோது, "மூங்கில் மேட் சார், எங்க டிசைனரே பண்ணது" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

விரிப்பில் கோத்திருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கனத்த, சொரசொரப்பான, விலை உயர்ந்த காகிதம். ஒரு பக்கம் கடையின் சின்னம், வடிவமைப்பாளரின் பெயர், இயற்கைப் புல்லில் கையால் நெய்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, 3,400 ரூபாய் என்ற விலை. மறுபக்கம் வெறுமை. பக்கத்து அலமாரியில் ஒரு கண்ணாடி மெழுகுவத்திக் கூண்டு அட்டைப் பெட்டியோடு இருந்தது. அதில் சீனாவில் தயாரானது என்பதும், இறக்குமதி செய்தவரின் பெயரும் முழு முகவரியும் ஒழுங்காக அச்சிடப்பட்டிருந்தன. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் அப்படிப் போடச் சொல்கின்றன, போட்டிருக்கிறார்கள். கடல் தாண்டி வந்த கூண்டுக்கு விலாசம் இருக்கிறது. 600 கிலோமீட்டர் தள்ளி, தாமிரபரணிக் கரையிலிருந்து வந்த பாய்க்கு இல்லை.

விலை அதிகம் என்று நான் புகார் சொல்ல வரவில்லை. பிளாஸ்டிக் பாய் வந்தபின் கோரைப் பாயை விரித்துப் படுக்கிற வீடுகள் எங்கள் பக்கத்திலேயே குறைந்துவிட்டன. அந்த நிலையில், பாயாக விற்காத ஒன்றை மேசை விரிப்பாகவும் கைப்பையாகவும் மாற்றி, இன்றைய வீடுகளுக்கு ஏற்ற அளவையும் நிறத்தையும் யோசித்து, ஓரம் பிரியாமல் தைத்து, குளிரூட்டிய கடையில் வைத்து விற்பதற்கு உழைப்பும் முதலும் வேண்டும். வடிவமைப்பாளர் தம் பெயரைப் போட்டுக்கொள்வதும் நியாயமே. அந்தப் பெயருக்கு மேலேயோ கீழேயோ, நெய்தவர்களின் ஊர்ப் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா என்பதே என் கேள்வி.

பத்தமடைப் பாயைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்குக் கூடுதலாக ஒரு உறுத்தல் உண்டு. பட்டுப் பாய் என்று சொல்லப்படும் நயமான வகையில் பாவு இழைக் கணக்கு (நீளவாட்டில் ஓடும் நூல்களின் கணக்கு) 100 முதல் 140 வரை போகும். துணியைப் போல மடிக்கலாம். பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு இதை நெய்கிறார்கள். கல்யாணப் பாய் வேண்டுமென்று சொல்லி வைத்தால், மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் திருமண நாளையும் சாயக்கோரையால் பாயிலேயே எழுத்தெழுத்தாக நெய்து கொடுப்பார்கள். என் பெற்றோரின் பாயில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்துக்குக் கால் விட்டுப்போய், அதைச் சொல்லிச் சொல்லி அப்பா கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர்களின் பெயரையெல்லாம் பாயில் ஏற்றிக் கொடுத்த ஊர் அது. அதன் பெயர் ஓர் அட்டையில்கூட ஏறவில்லை.

இதற்குச் சட்டம் இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊர்ப் பொருளின் பெயரை மற்றவர்கள் பயன்படுத்தாமல் காக்கும் பதிவு, இருக்கிறது. அந்தக் குறியீட்டை நாடு முழுமைக்கும் பதிவு செய்கிற அலுவலகமே நம் கிண்டியில்தான் இருக்கிறது. ஆனால் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், வேறெங்கோ நெய்த பாயைப் பத்தமடைப் பாய் என்று சொல்லி விற்பதைத்தான் தடுக்கிறது. பத்தமடையில் நெய்ததைப் பத்தமடை என்று சொல்லாமல் விற்பதை அது கண்டுகொள்வதில்லை. பொய்ப் பெயர் வைத்தால் குற்றம். பெயரையே எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை.

காஞ்சிபுரம் பட்டில் இப்படி நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கடைக்காரரும் காஞ்சிபுரம் சேலையைக் கையால் நெய்த பட்டுத்துணி என்று மட்டும் எழுதி விற்கமாட்டார். அந்த ஊர்ப் பெயர்தான் விலையைத் தூக்கிப் பிடிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கோரைக்கும் பனையோலைக்கும் வந்தால் மட்டும் பெயர் மறைந்துவிடுகிறது. அதே கடையில் செட்டிநாட்டுக் கொட்டான் ஒன்று பூந்தொட்டிக்கு உறையாக நின்றுகொண்டிருந்தது. ஆச்சிமார் கல்யாணச் சடங்குகளில் கையில் எடுத்துப் போகிற பொருள் அது. அதன் அட்டையிலும் பனையோலைக் கூடை என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஊர்ப் பெயரைப் போட்டால் வாடிக்கையாளர் நேரே அங்கே போய்விடுவார், போட்டியாளர் நெசவாளரைக் கொத்திக்கொண்டு போய்விடுவார் என்று கடைக்காரர்கள் தரப்பில் ஒரு காரணம் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு விரிப்புக்காகச் சென்னையிலிருந்து ரயிலேறித் திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் பத்தமடைக்குப் போகிறவர் எத்தனை பேர்? அப்படியே போனாலும் அவருக்குக் கிடைப்பது பாய்தான். இந்த அளவில், இந்த நிறத்தில், ஓரம் தைத்த விரிப்பு கடையில்தான் கிடைக்கும். போட்டியாளரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கோரை எங்கிருந்து வருகிறது என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாமல் இருப்பது பணம் கொடுத்து வாங்குகிறவருக்கு மட்டும்தான்.

அப்படித் தெரியாமல் போவதில் பரிசு கொடுப்பவருக்கும் நஷ்டம் இருக்கிறது. அபூர்வமான பரிசு ஒன்றைக் கொடுத்தால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டாமா? "இது எங்கே வாங்கினது, மாமா?" என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு கடையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருவதற்கு, டின்னர் செட்டே வாங்கியிருக்கலாம்.

எனவே இத்தகைய கடைகளை நடத்துபவர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். நெய்தவரின் புகைப்படமோ உருக்கமான வாழ்க்கைக் கதையோ வேண்டாம். தங்களை அப்படிக் காட்டாமல் விட்டுவிடுவதைத்தான் நெய்கிறவர்களில் பலர் விரும்புவார்கள். பொருளின் ஊர், மாவட்டம், நம் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், புவிசார் குறியீடு இருந்தால் அதற்கென 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட பொதுச் சின்னம், இவ்வளவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் போதும். பூம்புகார் போன்ற அரசு நிறுவனங்களும் கைவினைக் கூட்டுறவுச் சங்கங்களும், தங்களிடம் மொத்தமாக வாங்கும் கடைகளிடம் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம். அட்டை அடிப்பதற்கு இதனால் பெரிதாகச் செலவு கூடிவிடாது.

அந்த விரிப்பை நான் வாங்கித்தான் வந்தேன். பரிசுக் காகிதம் சுற்றுவதற்கு முன் அட்டையைக் கேட்டு வாங்கி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், "கோரை விரிப்பு, பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்" என்று பேனாவால் எழுதினேன். எழுதியபிறகும் பாதி அட்டை மிச்சம் இருந்தது.

இப்படிக்கு,
சேரன்மகாதேவியைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு வாசகர்,
சென்னை.