தையில் பிறந்தவள் டிராகனா, முயலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் சீன ராசி நாணயங்கள் பற்றிய பக்கம் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பிறந்த ஆண்டுக்கு நேராக விலங்கைப் போட்டிருந்த கட்டத்தில் ஒரு பிசகு. அதே பிசகால் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

என் பேத்தி பிறந்தது 2024 பிப்ரவரி 5. அது டிராகன் ஆண்டு என்று நான்கு பேர் சொல்ல, முதல் பிறந்தநாளுக்கு டிராகன் போட்ட ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம் வாங்கினேன். தெரிந்த ஆசாரி தராசில் வைத்துப் பார்த்தார், 31.1 கிராம், சுத்தமாக இருந்தது. லீவில் வந்த சிங்கப்பூர் மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாமா, இவ முயலு. அந்த வருஷம் அவங்க புத்தாண்டே பிப்ரவரி 10-தானே!"

நமக்கு இது புதுசா என்ன? தையில் பிறந்தவளுக்கு ஜாதகத்தில் சோபகிருது என்றுதான் எழுதியிருக்கிறது. குரோதி பிறந்தது சித்திரையில். இவ்வளவு தெரிந்தும் ஏமாந்தேன். சீனப் புத்தாண்டோ நிலாக் கணக்கில் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும். நாணயத்தில் இருப்பது வெறும் 2024. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் தேதி பார்த்து வாங்கவும் என்று கட்டத்தின் கீழ் ஒரு வரி போடக் கூடாதா?

சரி, அப்புறம் மாப்பிள்ளையே 2023 முயல் நாணயம் ஒன்று அனுப்பினார். சிங்கப்பூரில் 1981 சேவல் ஆண்டிலிருந்தே இந்த வரிசை வருகிறதாம்; ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச் சாலை 1996-இல் எலியோடு தொடங்கியது. மாப்பிள்ளை அனுப்பிய முயலைத் திருப்பிப் பார்த்தால் சிங்கச் சின்னத்தைச் சுற்றி நான்கு மொழிகளில் நாட்டின் பெயர். அதில் ஒன்று 'சிங்கப்பூர்' என்று நம் எழுத்தில்! கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தேன்.

எங்கள் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த ஊர். ஆச்சியின் தகர டப்பாவில் சங்கு போட்ட அந்தக் காலத்துச் செப்புக் காசுகள், 'சக்கரங்கள்', இன்னும் கிடக்கின்றன. 28 சக்கரம் ஒரு ரூபாய் என்பாள் ஆச்சி. முயலையும் அதோடு வைத்துவிட்டேன். டிராகனைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் பையன் 2024 ஆவணியில் பிறந்தவன், அசல் டிராகன். வெள்ளி விற்கிற விலையில்தான் கொடுக்க மனசு வரவில்லை.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
செங்கோட்டை