14 வரவேண்டிய இடத்தில் 4

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த காந்தவியல் கட்டுரை, காந்தப் பொருளுக்குள் அணுக்காந்தங்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் என்கிறது. வெறும் இரும்புக்கு அது சரி. ஆனால் உதாரணமாகக் காட்டியிருப்பது மகனெற்றைட் என்ற இரும்பு ஒட்சைட்டுக் கனிமத்தை! உயர்தரப் பிள்ளைகள் அதை அப்படியே பாடமாக்கிவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மகனெற்றைட்டின் ஒரு சூத்திர அலகில் மூன்று இரும்பு அயன்கள். 3+ அயன்கள் இரண்டுக்கும் தலா 5 போர் மகனெற்றன் (அணுக்காந்தத்தின் வலிமையை அளக்கும் அலகு), 2+ அயனுக்கு 4. எல்லாம் ஒரே பக்கம் நின்றால் கூட்டுத்தொகை 14. அளந்தால் வருவதோ ஏறக்குறைய 4.1.

பிரான்சின் பௌதிகவியலாளர் லூயி நீல் 1948 இல் இதற்கு விடை சொன்னார். பளிங்குக்குள் அயன்கள் இருக்கும் இடங்கள் இரண்டு வகை. ஒரு வகையில் இருப்பவை மற்ற வகைக்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கின்றன. வகைக்கு ஒன்றாக இருக்கும் 3+ அயன்கள் ஒன்றையொன்று வெட்டிவிட, மிஞ்சுவது 2+ அயனின் 4. கணக்கு பொருந்திவிட்டது என்பதற்காக யாரும் சும்மா இருந்துவிடவில்லை. 1951 இல் அமெரிக்காவில் ஷல்லும் கூட்டாளிகளும் நியூத்திரன் கற்றையைப் பாய்ச்சி, அயன்கள் உண்மையிலேயே அப்படித்தான் நிற்கின்றன என்று காட்டினார்கள். நீலுக்கு நோபல் பரிசு 1970 இல்தான் கிடைத்தது. எஞ்சிய அந்த 0.1 இல் இலத்திரன் கருவைச் சுற்றும் ஒழுக்கு இயக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்று இந்த நூற்றாண்டிலும் வாதாடியிருக்கிறார்கள்.

இதற்கு எங்கள் பக்கத்திலேயே சாமான் இருக்கிறது. கொக்கிளாய்க் கரையின் கறுப்பு மணலை (அதை யார் அள்ளுவது என்ற சண்டை வேறு கதை) ஒரு கடதாசியில் கொட்டி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பிடித்தால் கொஞ்ச மணிகள்தான் பாய்ந்து ஒட்டும்; அவை மகனெற்றைட். கிடப்பதில் பெரும்பகுதி இல்மனைட் என்ற வேறொரு கனிமம். அதிலும் இரும்புதான், ஒட்சிசன்தான். ஆனால் அறை வெப்பநிலையில் அதன் அணுக்காந்தங்களுக்கு ஒழுங்கே இல்லை. சுமார் -215 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்த்தினால் ஒழுங்கு வரும். அப்போதும் படைக்குப் படை எதிரெதிராக நின்று ஒன்றையொன்று முழுதாக வெட்டிவிடும். "இரும்பு இருந்தால் காந்தம் இழுக்கும்" என்று சொல்லும் பிள்ளைக்கு முதலில் இந்த மணலைத்தான் கொடுப்பேன்.

அடுத்த முறை இப்படியான கட்டுரை போடும்போது, கோட்பாடு சொல்லும் எண்ணையும் அளந்து பெற்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். அந்த மகனெற்றைட் வரிக்குத் திருத்தம் வரும் கிழமையே வந்தால் நல்லது. உயர்தரச் சோதனைக்குப் பிறகு வந்து பயனில்லை.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
முள்ளியவளை