கீழ்த்தளத்துக்கும் ஓதுவது கேட்கட்டும்

மதிப்பிற்குரிய பள்ளிவாசல் நிர்வாகக் குழுச் சகோதரர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒன்பதாம் இரவு தராவீஹில், அந்த ரமலான் இரவுத் தொழுகையில், கீழ்த்தளத்தில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். 'பெண்கள் பக்கம் ஏதோ குழப்பம், பிள்ளைகள் சத்தம்' என்றுதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். அதனால் அங்கே நின்று தொழுதவள் என்ற முறையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அன்று குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்பதாவது ஜுஸு. சூரா அல்அஃராஃப் முடிகிற இடம். அதன் கடைசி வசனம், 206ஆவது, குர்ஆனில் முதலாவதாக வரும் ஸஜ்தா வசனம், அதாவது ஓதியதும் நெற்றியை நிலத்தில் வைத்து ஸஜ்தா செய்யும் வசனம். குர்ஆனை மனனமாக ஓதித் தொழுவிக்கும் ஹாஃபிழ் அதை ஓதி முடித்து, 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லி நேரே ஸஜ்தாவுக்குப் போனார். மேலே அவர் முதுகைப் பார்த்து நின்றவர்கள் கூடவே போனார்கள். கீழே எங்களுக்கு முன்னால் இருப்பது சுவர், சுவரில் ஒரு ஸ்பீக்கர். மூன்று நாளாக அது கரகரத்துக்கொண்டிருந்ததால் எந்த வசனம் ஓதுகிறார் என்றே பிரித்தறிய முடியவில்லை. 'அல்லாஹு அக்பர்' மட்டும் கேட்டது. வழக்கமான ருகூஃ என்று நினைத்து எல்லோரும் குனிந்தோம்.

குனிந்தபடியே, நிமிரும்போது சொல்லும் 'ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதா' வரும் என்று காத்திருந்தோம். வந்தது இன்னொரு 'அல்லாஹு அக்பர்'. சிலர் நிமிர்ந்தார்கள். நிமிர்வதைத் தவறவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துச் சிலர் ஸஜ்தாவில் விழுந்தார்கள். என் பக்கத்தில் நாற்காலியில் தொழும் வயதான அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை, பயந்துவிட்டார். இமாம் மறுபடி ஓதத் தொடங்கியதுபோல் ஓர் இரைச்சல் வந்தது. அத்தோடு ஸ்பீக்கர் செத்துப்போனது. கடைசி வரிசையில் ஒரு பெண் தொழுகையை விட்டுவிட்டுப் படியேறிப்போய் எட்டிப் பார்த்துத் திரும்பி வந்து, 'அத்தஹிய்யாத்தில், கடைசி இருப்பில் இருக்கிறார்கள்' என்று கிசுகிசுத்தாள். அதற்குள் மேலே ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டீர்கள்.

தொழுகையின் இந்தச் சுற்றில், இந்த ரக்அத்தில், ஸஜ்தா இருக்கிறது என்று முன்பே அறிவித்தார்களாம். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் என் கணவர் சொன்னார். மைக்கில் இல்லை, சும்மா திரும்பி நின்று, எதிரில் இருப்பவர்களுக்குச் சொன்னார்களாம்.

நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கீழே ஓதுவது தெளிவாகக் கேட்க வேண்டும். கம்பி வழியாக ஒரு நல்ல ஸ்பீக்கர், அது நின்றால் எடுத்துக் கொடுக்க இன்னொன்று, முடிந்தால் இமாம் தெரியும்படி ஒரு திரை. இதை எழுதி மூன்று வெள்ளிக்கிழமை பெட்டியில் போட்டாயிற்று. 'பார்க்கிறோம் சகோதரி' என்ற பதிலும் கிடைத்தது. பார்ப்பதில் எங்களுக்குக் குறையில்லை, கேட்பதில்தான்.

வெளிநாட்டில் இருக்கிற எங்களுக்கு ரமலான் இரவில்தான் வருகிறது. பகலில் அதை அறிந்தவர் யாருமில்லை. அலுவலகத்தில் 'தண்ணீர்கூடவா குடிக்கக் கூடாது?' என்ற கேள்விக்குப் பத்து நாளில் பத்தாவது முறை பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து நோன்பு திறந்து, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறோம். வெளியே பாங்கு கேட்காது. தெருவுக்கு இது இன்னொரு நாள், அவ்வளவுதான். வரிசையில் தோளோடு தோள் நின்று 'ஆமீன்' சொல்லும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நானும் ஒரு உம்மத்தில், ஒரு சமுதாயத்தில் சேர்ந்தவள் என்று தோன்றுகிறது. மறுநாள் வேலையையும் தூக்கத்தையும் விட்டுக்கொடுத்து வருவது அதற்குத்தான். சுவரைப் பார்த்துக் கரகரப்பு கேட்க வீட்டிலேயே வசதி இருக்கிறது.

பழைய கிடங்கை வாங்கிப் பள்ளிவாசலாக்க நீங்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அந்த வசூலில் எங்கள் வளையலும் இருந்தது. அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் ஒரு விஷயம் விளங்கவில்லை. குர்ஆன் ஓதும்போது இழுக்கிற அதே ஸ்பீக்கர், நன்கொடை அறிவிப்பு வரும்போது மட்டும் கண்ணாடி மாதிரி பேசுகிறதே, எப்படி? 'பிள்ளைகளை அடக்கி வையுங்கள்' என்பதும் ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்கிறது. அந்த மைக்கையே ஹாஃபிழிடம் கொடுத்துப் பார்க்கலாமே!

பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாய்க்குச் சிரமமாகுமே என்று நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதாக புகாரியில் இருக்கிறது. அங்கே தாயும் பிள்ளையும் இமாமின் காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறார்கள். 'அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அல்லாஹ்வின் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்காதீர்கள்' என்ற ஹதீஸை ஆண்டுதோறும் ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாத ஜும்ஆவில் நீங்களே சொல்கிறீர்கள். தடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள்.

இரண்டு மாதமாகக் கூடிக் கூடிப் பேசியதெல்லாம் தராவீஹ் 8 ரக்அத்தா 20 ரக்அத்தா என்பதைப் பற்றி. காலங்காலமாக 20 தொழுத மக்கா ஹரமிலேயே 2020இல் கொரோனாவின்போது 10 ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் 10தான் தொழுகிறார்கள், உலகம் இடிந்துவிடவில்லை. எட்டோ இருபதோ, எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறோம் நாங்கள். பெண்கள் பக்கம் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய இருக்கும் ஒற்றைக் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும்... சரி, அது இன்னொரு மடலுக்கு இருக்கட்டும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என ஒரே ஆண்டில் இரண்டு ரமலான் தொடங்குகிறது. இரண்டாவதற்குள்ளாவது அது சரியாகிவிடும்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். நோன்பு வைத்துக்கொண்டு இதற்கு மேல் பேசக் கூடாது. அவசரம் என்னவென்றால், 13ஆவது ஜுஸு முதல் 17ஆவது வரை ஒவ்வொன்றிலும் ஸஜ்தா வசனம் வருகிறது. தினம் ஒரு ஜுஸு கணக்கில், நாளை மறுநாள் தொடங்கித் தொடர்ந்து ஐந்து இரவுகள். ஸ்பீக்கர் வரும்வரை, ஸஜ்தா அறிவிப்பையாவது மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை. ரமலானின் கடைசிப் பத்து இரவுகளுக்குள் ஸ்பீக்கரை மாற்றிக் கொடுங்கள். மகத்துவமிக்க லைலத்துல் கத்ர் இரவைத் தேடி நிற்கும் இரவிலாவது எங்களுக்கு ஓதுவது கேட்க வேண்டும்.

இன்னும் சந்தேகம் இருந்தால், நாளை இஷாவுக்கு அரை மணி நேரம் முன்பு, பெண்கள் வருவதற்கு முன், உங்களில் ஒருவர் கீழே இறங்கி வாருங்கள். மேலே ஹாஃபிழை ஒரு பக்கம் ஓதச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, எந்த சூரா என்று சொல்லுங்கள். விளக்கு சுவிட்ச் படிக்கட்டின் இடது பக்கம் இருக்கிறது. இரண்டு தடவை தட்டினால்தான் எரியும்.

வஸ்ஸலாம்,
கீழ்த்தளத்தில் தொழும் உங்கள் சகோதரி