பதவிக்காலம் முடிந்தது, நன்றி பாக்கி இருக்கிறது

அன்புள்ள ஊர்மக்களுக்கு,

வணக்கம். 2020 ஜனவரி 6 அன்று நம் ஊராட்சி மன்றத் தலைவராக உங்கள் முன்னால் உறுதிமொழி எடுத்தேன். 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அதோடு ஊராட்சி, அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. அலுவலகச் சாவி, தீர்மானப் புத்தகம் எல்லாம் ஒப்படைத்தாயிற்று. இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி முடித்த கையோடு வேட்புமனு போட்டவள் நான். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வராமல் இருந்திருந்தால் தலைவர் பதவிக்கான அந்த இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் என் பெயர் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பெயர் வந்தால் மட்டும் போதாது என்பதும் உங்களுக்குத் தெரியும். எத்தனையோ ஊர்களில் தலைவர் பெண்ணாக இருப்பார், நாற்காலியில் அவர் வீட்டு ஆண் உட்கார்ந்திருப்பார். அப்பா ஒருநாளும் அலுவலகத்துக்குள் வந்து உட்காரவில்லை. மனுவை அவரிடம் நீட்டியவர்களை "பாப்பாகிட்ட குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். முதல் நன்றி அவருக்கு.

அடுத்தது ஊராட்சிச் செயலர் அண்ணனுக்கு. அரசியல் சாசனத்தின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கான 29 பொருள்களில் பள்ளிக் கல்வியும் ஒன்று என்று படித்துவிட்டுப் பெருமையாகப் போய் நின்றேன். "சரி தலைவரே, வாத்தியார் போட முடியுமா நம்மால? முடியாது. கட்டடம் ஒன்றியத்துப் பாடு. நம்ம கையில தண்ணி இருக்கு, லைட்டு இருக்கு, குப்பை இருக்கு, கிராம சபை இருக்கு. அதுல ஆரம்பிங்க" என்றார். அப்படியே ஆரம்பித்தோம். பள்ளிக் கழிப்பறைக்குத் தனிக் குழாய் போனது. டேங்க் ஆபரேட்டர் அண்ணன் காலை மணி அடிக்கும் முன்பே தண்ணீர் ஏற்றிவிடுவார். மதியத்தோடு வீட்டுக்குப் போய்விடும் பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் சாயங்காலம் வரை இருக்கத் தொடங்கியது அதற்கப்புறம்தான். தூய்மைக் காவலர் அக்காக்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

பதவியேற்ற மூன்றாம் மாதமே கொரோனா. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. பின்னர் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் எடுத்த தங்கைகளே, உங்களுக்கு வந்த ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். அதிலும் நோட்டு, பென்சில் வாங்கிக் கொடுத்தீர்கள். அதை ஊர் மறக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் எனக்கு ஊரைக் காட்டியவர் நம் வார்டு உறுப்பினர் பாட்டி. கைநாட்டுதான் வைப்பார். யார் வீட்டுப் பையன் செங்கல் சூளைக்குப் போகிறான், யார் வீட்டுப் பெண்ணுக்கு அவசரமாக மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். என்னையும் தலைமையாசிரியரையும் வீடு வீடாக அழைத்துப் போனார். நாங்கள் சட்டம் பேசினால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். பாட்டி உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். பிள்ளையை அனுப்புகிறேன் என்று சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"படிச்ச பொண்ணு, அதான் நல்லா செய்யுது" என்று பலர் என்னைப் பாராட்டினீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கல்வித் தகுதி வேண்டும் என்று 2015-இல் ஹரியானா சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. ராஜஸ்தானும் அப்படிக் கொண்டுவந்து, 2019-இல் கைவிட்டது. அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தால் நம் பாட்டி நின்றிருக்கவே முடியாது. பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில், இல்லாத வீட்டில் பிறந்தவரைப் படிக்கவில்லை என்று தள்ளிவைப்பது என்ன நியாயம்?

"அரசியலெல்லாம் வேண்டாம், படிப்பைப் பார்" என்று பிள்ளைகளிடம் சொல்வதும் எனக்கு உடன்பாடில்லை. 18 வயதில் ஓட்டு, 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் நிற்கும் உரிமை. அதற்கு முன்னால் எங்கே பழகுவார்கள்? காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்த தலைமையாசிரியருக்குத் தனி நன்றி. சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டுமே, சிறப்பு வகுப்பு முடிந்து திரும்ப பஸ் உண்டா என்று அன்றைக்குக் கேட்டவள் ஒரு மாணவிதான். பெரியவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான்.

காலை உணவுத் திட்டத்தில் விடியுமுன்னே அடுப்பு மூட்டும் மகளிர் குழு அக்காக்கள், பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்கள், என்னை எதிர்த்து நின்று பின்னர் கிராம சபையில் விடாமல் கணக்குக் கேட்ட அண்ணன் என எல்லோருக்கும் நன்றி. அண்ணே, உங்கள் கேள்விக்குப் பயந்தே ரசீதுகளை ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

மாலை பஸ்ஸுக்கான தீர்மானமும் பள்ளிச் சுற்றுச்சுவருக்கான தீர்மானமும் இன்னும் நிறைவேறவில்லை. வரும் ஜனவரி 26 கிராம சபையில் இரண்டையும் மறுபடி எழுப்ப வேண்டும். நான் மேடையில் இருக்க மாட்டேன், உங்களோடு பாயில் உட்கார்ந்து கேட்பேன். கூட்டம் குறைந்தால் தீர்மானம் எடுபடாது, வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்